அடியா, மீட்டரா? மனை வாங்கி வீடு கட்டுவோருக்கு ஓர் ஒப்பீடு

மனை பார்க்கத் தொடங்கியவர்களும் வீட்டுக்கு வரைபடம் போடக் கொடுத்தவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தரகர் சென்ட்டில் விலை சொல்கிறார், பட்டாவில் ஏர் என்று இருக்கிறது. பத்திரத்தில் சதுர அடி, அனுமதி வரைபடத்தில் மீட்டர். மேஸ்திரியோ அடி, அங்குலம், நூல் என்று பேசுகிறார். "நாங்கள் எதைப் பிடித்துக்கொள்வது?" என்கிறார்கள். பள்ளியில் மெட்ரிக் படித்தவர்கள், வீட்டில் அடிக்கணக்கில் வளர்ந்தவர்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எங்கோ இடிக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு சாதாரண தனி வீடு கட்டுகிறவருக்கு முன்னால் மூன்று வழிகள் உள்ளன. முழுக்க அடியிலேயே போவது, முழுக்க மீட்டரிலேயே போவது, தாளில் மீட்டரும் வேலையிடத்தில் அடியுமாக இரண்டையும் வைத்துக்கொள்வது. பெரும்பாலோர் மூன்றாவது வழியில்தான் போகிறார்கள், ஆனால் யோசித்துத் தேர்ந்தெடுத்ததில்லை, தானாக அப்படி ஆகிவிடுகிறது. பணம் கசிவது அங்கேதான்.

## எவற்றை வைத்து முடிவு செய்வது

முதலாவது, எழுத்தில் எது செல்லும் என்பது. பின்னால் வழக்கு வந்தால் பேச்சில் சொன்ன சென்ட் நிற்காது, ஆவணத்தில் உள்ள எண்தான் நிற்கும். இரண்டாவது, வேலை செய்கிறவர் கையில் இருக்கும் அளவு. அவர் மனத்தில் மாற்றிக் கணக்கிட வேண்டியிருந்தால் தவறு அவருடையதாகத் தெரியும், செலவு உங்களுடையதாகும். மூன்றாவது, பொருள் எந்த அளவில் தயாராகி வருகிறது என்பது. நான்காவது, கணக்குப் போடும் எளிமை. ஐந்தாவது, ஒரு அலகிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது முழுமையாக்கப்படும் மிச்சம் யார் பைக்குப் போகிறது என்பது. இந்த ஐந்தாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

## மனை வாங்கும்போது

சென்ட், கிரவுண்ட், சதுர அடி

சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. இந்த அரைகுறை எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எட்மண்ட் கன்ட்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620இல் 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட நில அளவைச் சங்கிலியை வகுத்தார். ஒரு சதுரச் சங்கிலி 4,356 சதுர அடி, அப்படிப் பத்து சேர்ந்தால் ஒரு ஏக்கர். அந்தக் கணக்கில் ஒரு சென்ட் சரியாக ஆயிரம் சதுரக் கண்ணி. நில அளவையாளருக்கு அது அழகான முழு எண். கண்ணியை அடியாக மாற்றிய பிறகுதான் .6 ஒட்டிக்கொண்டது. பழைய புல வரைபடங்களைப் பார்க்க நேர்ந்தால் அவற்றில் உள்ள எண்கள் அடி இல்லை, கண்ணி என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கண்ணி 0.66 அடிதான்.

சென்னைப் பக்கம் கிரவுண்ட், 2,400 சதுர அடி. டெல்டாவில் இன்னும் குழியும் மாவும் பேச்சில் இருக்கின்றன. 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, ஏறக்குறைய மூன்று மா ஒரு ஏக்கர். ஆனால் குழியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். அடுத்த மாவட்டத்துக்காரர் குழி என்றால் முதலில் அது எத்தனை அடிக் குழி என்று கேட்க வேண்டும்.

இந்த அளவுகளின் பலம், விலை பேசும்போது மனத்தில் உடனே உருவம் வருவது. அரை கிரவுண்ட் என்றதும் வீடு, முற்றம், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் கண்ணில் தெரிகிறது. 111.48 சதுர மீட்டர் என்றால் நம்மில் பலருக்கு எதுவும் தெரிவதில்லை. இந்தப் பழக்கத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். மனை பிடித்திருக்கிறதா என்று முடிவு செய்யும் கட்டத்தில் அடிதான் நல்ல துணை.

ஏர், ஹெக்டேர், சதுர மீட்டர்

ஆனால் பட்டா வேறு மொழி பேசுகிறது. கிராமப்புறச் சிட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் நூறு சதுர மீட்டர், நூறு ஏர் ஒரு ஹெக்டேர். நகர நில அளவைப் பதிவேட்டில் சதுர மீட்டர். இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956இல் வந்து, 1958 முதல் படிப்படியாக நடைமுறையானது. இப்போது உள்ள சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2011 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. விலை சொல்வதும் விளம்பரம் செய்வதும்கூட நிலையான மெட்ரிக் அலகில் இருக்க வேண்டும் என்கிறது அது. பதிவுத் துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பைத் தேடினால் ஒரே தெருவுக்கு "பிரிட்டிஷ் மதிப்பு", "மெட்ரிக் மதிப்பு" என்று இரண்டு பத்திகள் வரும். அரசே இரண்டையும் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

மறைமுகச் செலவு இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. கிராமங்களில் "ஒரு ஏர் இரண்டரை சென்ட்", "ஒரு ஹெக்டேர் இரண்டரை ஏக்கர்" என்று சொல்வது வழக்கம். உண்மையான எண் 2.471. சிட்டாவில் 12.50 ஏர் என்று இருக்கும் நிலத்தை எடுத்துக்கொள்வோம். வாய்க்கணக்கில் அது 31.25 சென்ட். சரியான கணக்கில் 30.89 சென்ட். வித்தியாசம் 0.36 சென்ட், சுமார் 157 சதுர அடி. சென்ட் 3 லட்சம் ரூபாய் என்றால் இல்லாத நிலத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கிறீர்கள். விற்பவர் ஏமாற்றுகிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் அப்பா சொன்ன கணக்கு அது. வாங்குகிறவர்தான் கால்குலேட்டரை எடுக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஒரு சென்ட்டை 40 சதுர மீட்டர் என்று வட்டமாக்கினால் பத்து சென்ட்டில் 50 சதுர அடி காணாமல் போகும். விற்கிறவர் நீங்களாக இருந்தால் இதைக் கவனியுங்கள்.

என் முடிவு

மனையை அடியில் பாருங்கள், சதுர மீட்டரில் வாங்குங்கள். பத்திரத்தில் கிழமேலடி, தென்வடலடி என்று நான்கு பக்கமும் எழுதப்படும். அதோடு ஒவ்வொரு பக்கத்தின் மீட்டர் அளவும் மொத்தப் பரப்பின் சதுர மீட்டரும் இருக்கும்படி எழுதச் சொல்லுங்கள். பட்டாவின் எண்ணும் பத்திரத்தின் எண்ணும் ஒரே அலகில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒத்துப்போகிறதா இல்லையா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வேறு வேறு அலகில் இருந்தால் வித்தியாசத்தை வட்டமாக்கலின் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

மனைப்பிரிவில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு தேவையில்லை என்ற வரம்புகளுள் ஒன்று, மேம்படுத்தும் நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாதது. கிரவுண்டில் சொன்னால் இரண்டேகால் கிரவுண்டுக்கும் சற்றுக் குறைவு. அதைவிடப் பெரிய இடத்தைப் பிரித்து விற்கும்போது பதிவு எண் எங்கே என்று கேளுங்கள்.

## வரைபடமும் அனுமதியும்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் முழுவதும் மீட்டரில் உள்ளன. சாலை அகலம், பக்கவாட்டில் விட வேண்டிய இடம், உயரம் எல்லாம் அப்படித்தான். அனுமதிக்குப் போகும் தாள் மீட்டரில்தான் இருந்தாக வேண்டும்.

அடியில் யோசித்து மீட்டருக்கு மாற்றும்போது வரம்பை ஒட்டிய இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். தேசியக் கட்டட நெறிமுறையில் வசிக்கும் அறையின் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர். நம் ஊரில் "ஒன்பதடி உயரம்" என்று சொல்லிப் பழக்கம். ஒன்பதடி என்பது 2.743 மீட்டர். ஏழு மில்லிமீட்டர் குறைவு, அதுவும் தரைக்கு ஓடு பதிப்பதற்கு முன்பே. பதித்த பின் இன்னும் குறையும். பத்தடி என்று வைத்தால் 3.048, சிக்கலே இல்லை. மாறாக 1.5 மீட்டர் விட வேண்டிய இடத்தில் ஐந்தடி விட்டால் 1.524, தாராளம். வரம்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு அளவையும் இப்படி ஒரு முறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

## வேலையிடத்தில்

அடி, அங்குலம், நூல்

கட்டுமான இடத்துக்குப் போனால் உலகம் மாறிவிடும். சுவர் ஒன்பது அங்குலம், நாலரை அங்குலம். மணலும் ஜல்லியும் யூனிட், அதாவது நூறு கன அடி. கட்டும் பரப்பு சதுரம், அதாவது நூறு சதுர அடி. ஆசாரி "மூன்று அங்குலம் இரண்டு நூல்" என்பார். அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல், மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். தலைமுறைகளாகக் கையில் ஊறிய அளவு இது. நல்ல மேஸ்திரி ஒருவர் சுவரில் கை வைத்தே நாலரையா ஐந்தா என்று சொல்லிவிடுவார். அவரிடம் போய் 115 மில்லிமீட்டர் என்று சொல்வதால் வேலை மேம்படாது. அவர் டேப்பின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஆனால் அடி முறையின் பெரிய பலவீனம் கணக்குப் போடுவதில் வெளிப்படுகிறது. பத்தடி ஆறு அங்குலத்தை 10.6 என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அது 10.5. பத்தடி பத்து அங்குலம் இன்னும் மோசம். 10.10 என்று எழுதிக் கால்குலேட்டரில் தட்டினால் அது 10.1 ஆகிவிடும், உண்மையில் 10.83. பன்னிரண்டடி நீளமுள்ள அந்த அறையின் பரப்பு 130 சதுர அடி, தவறான கணக்கில் 121.2. ஓடு வாங்கும்போது ஒரு பெட்டி குறையும். கூலி கணக்கிடும்போது யாரோ ஒருவர் நஷ்டப்படுவார். ஒப்பந்தக்காரர் கொடுக்கும் அளவுப் பட்டியலில் புள்ளிக்குப் பிறகு 10, 11 என்ற எண்கள் தென்பட்டால் அந்தத் தாளை அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

கம்பியிலும் எச்சரிக்கை தேவை. பழைய கம்பி கட்டுபவர்கள் சிலர் இன்னும் "மூன்று நூல் கம்பி", "நான்கு நூல் கம்பி" என்பார்கள். நான்கு நூல் என்றால் கணக்கில் 12.7 மில்லிமீட்டர், கடையில் கிடைப்பது 12. பொறியாளர் 12 என்று போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. பழைய வீட்டில் நான்கு நூல் என்று குறித்து வைத்ததைப் பார்த்து மாடி எழுப்பக் கணக்கிட்டால், குறுக்குவெட்டுப் பரப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும்.

மில்லிமீட்டர், மீட்டர், கன மீட்டர்

ஆலையிலிருந்து வருகிற எல்லாமே மெட்ரிக்கில்தான் வருகின்றன. கம்பி மில்லிமீட்டரில், ஒயர் சதுர மில்லிமீட்டரில், தயார்க் கலவைக் கான்கிரீட் கன மீட்டரில். கம்பியின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது வந்துவிடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.889 கிலோ. கம்பி 12 மீட்டர் நீளம் வருகிறது, பேச்சில் 40 அடி. 40 அடி என்பது 12.19 மீட்டர். நூறு கம்பிக்கு 40 அடி என்று எடை போட்டால் 17 கிலோ அதிகமாகக் காட்டும். எடை மேடைச் சீட்டு இல்லாமல் எண்ணிக்கையில் கம்பி வாங்கக் கூடாது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

தரை ஓடுதான் இந்த இரண்டு உலகங்களும் நேருக்கு நேர் மோதும் இடம். கடையில் "இரண்டுக்கு இரண்டு" என்று கேட்டு வாங்குகிறோம். பெட்டியின் மேல் 600 × 600 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருக்கும். இரண்டடி என்பது 609.6 மில்லிமீட்டர். ஒரு ஓட்டில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். பன்னிரண்டடி அறையில் ஆறு ஓடு வைத்துப் பாருங்கள். அறை 3,657 மில்லிமீட்டர், ஆறு ஓடு 3,600. இடைவெளி விட்டாலும் சுவரோரம் சுமார் நான்கு சென்டிமீட்டர் திறந்து கிடக்கும். அதற்கு ஓட்டை ஒல்லியான பட்டையாக வெட்ட வேண்டும். வெட்டும்போது பாதி உடையும், மிச்சம் உள்ள துண்டு எங்கும் பயன்படாது, அறைக்குள் நுழைந்ததும் கண் அந்தப் பட்டையில்தான் போய் நிற்கும். பூச்சுக்குப் பின் அறை அகலம் 3.62 மீட்டர், அதாவது 11 அடி 10½ அங்குலம் என்று வரைபடத்திலேயே வைத்திருந்தால் ஆறு ஓடும் அமைப்பாக உட்கார்ந்திருக்கும்.

விலையிலும் அதே கதை. நான்கு ஓடு உள்ள பெட்டி 1.44 சதுர மீட்டர், 15.5 சதுர அடி. "இரண்டுக்கு இரண்டு, நான்கு ஓடு, 16 சதுர அடி" என்று கணக்கிட்டு விலை போட்டால் பெட்டிக்கு அரை சதுர அடிக்கு அதிகம் கொடுக்கிறீர்கள். ஆயிரம் சதுர அடிக்கு இரண்டு பெட்டி குறைந்தும் போகும். பிறகு வாங்கும் பெட்டியின் நிறம் முதலில் வாங்கியதோடு ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கதவும் ஜன்னலும் இப்படித்தான். மூன்றடிக்கு ஏழடி என்று விட்ட கதவுச் சட்டத்தில் 900 × 2,100 மில்லிமீட்டர் ஆயத்தக் கதவு பொருந்தாமல் நிற்கும். குழாயில் நான்கு அங்குலம் என்று கேட்டால் 110 மில்லிமீட்டர் வரும், அது வெளிவிட்டம். அங்கே பெயரை அப்படியே மனப்பாடம் செய்வது ஒன்றே வழி. கணக்குப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

தண்ணீர்

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், மீட்டர்தான். ஆறடிக்கு ஐந்தடி, ஐந்தடி ஆழம் என்று நிலத்தடித் தொட்டி கட்டினால் 150 கன அடி. அதை 28.3ஆல் பெருக்கினால்தான் 4,245 லிட்டர் என்று தெரியும். இரண்டு மீட்டருக்கு ஒன்றரை, ஒன்றரை ஆழம் என்றால் 4.5 கன மீட்டர், 4,500 லிட்டர், முடிந்தது. மழையும் அப்படியே. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டர். மழைநீர்ச் சேகரிப்புக் குழியின் அளவை நீங்களே தீர்மானிக்க இந்த ஒரு வரி போதும். அடியில் யோசிக்கிறவர்களுக்கு இந்த எளிமை கிடைப்பதே இல்லை.

ஆழ்துளைக் கிணறு மட்டும் விதிவிலக்கு. தோண்டுபவர் அடிக்குத்தான் கூலி கேட்பார், அங்கே மீட்டர் பேச வேண்டாம். ஆனால் மோட்டார் வாங்கப் போகும்போது அதன் தகட்டில் உள்ள நீரேற்ற உயரம் மீட்டரில் இருக்கும். 300 அடியில் மோட்டாரை இறக்கப் போகிறீர்கள் என்றால் 91 மீட்டர், அதோடு மாடித் தொட்டியின் உயரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழுக்க அடி | முழுக்க மீட்டர் | தாளில் மீட்டர், தளத்தில் அடி |
|---|---|---|---|
| பட்டா, அனுமதி | பொருந்தாது | நேரடியாகப் பொருந்தும் | பொருந்தும் |
| மேஸ்திரி, ஆசாரி | மிக எளிது | பழக நாளாகும் | எளிது |
| ஆலைப் பொருள் | ஓடு, கதவில் இடிக்கும் | சரியாக உட்காரும் | முன்பே திட்டமிட்டால் சரி |
| கணக்கு | அங்குலப் புள்ளியில் தவறு | எளிது | மாற்றும் இடத்தில் தவறு |
| மறைமுகச் செலவு | வெட்டு, வீண், பரப்பு வித்தியாசம் | விளக்கிச் சொல்லும் நேரம் | இருவர் இரு விதமாக மாற்றுவது |

## யாருக்கு எது

பழைய வீட்டைப் பழுது பார்க்கிறவர்கள், அடிக்கணக்கில் கட்டிய சுவர்களை ஒட்டி ஓர் அறை சேர்க்கிறவர்கள் அடியிலேயே போகலாம். இருக்கும் சுவரும் நிலையும் அங்குலத்தில்தான் நிற்கின்றன. ஒரே மேஸ்திரி, சிறிய வேலை, அனுமதி தேவைப்படாத மாற்றம் என்றால் மீட்டரைக் கொண்டுவந்து குழப்ப வேண்டியதில்லை.

கட்டடக் கலைஞரை வைத்து, ஆயத்த ஜன்னல், அளவெடுத்துச் செய்யும் சமையலறை அலமாரி, தயார்க் கலவைக் கான்கிரீட் என்று போகிறவர்கள் முழுக்க மில்லிமீட்டரில் போங்கள். அலமாரிக்காரர், ஜன்னல்காரர் இருவருமே சதுர அடிக்கு விலை சொல்வார்கள், மில்லிமீட்டரில் வெட்டுவார்கள். வரைபடமும் மில்லிமீட்டரில் இருந்தால் நடுவில் மொழிபெயர்க்க யாரும் தேவையில்லை. அடுக்ககத்தில் வீடு வாங்குகிறவர்களும் உள்பரப்பைச் சதுர மீட்டரில் கேட்டு வாங்கிக்கொண்டு, சதுர அடியாக மாற்றும் வேலையை வீட்டுக்கு வந்து செய்யுங்கள். சுவர்களையும் பொதுப் பரப்பையும் சேர்த்த பெரிய சதுர அடி எண்ணும் உள்பரப்பும் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடாமல் இருக்க இது உதவும்.

மற்றபடி சொந்த ஊரில், தெரிந்த மேஸ்திரியை வைத்து, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சதுர அடியில் வீடு கட்டும் பெரும்பாலோருக்கு மூன்றாவது வழிதான் நடைமுறைக்கு ஏற்றது. ஒரு நிபந்தனை உண்டு. மீட்டரை அடியாக மாற்றுவது ஒரே ஆளாக இருக்க வேண்டும், அது வரைபடம் போட்டவராக இருக்க வேண்டும், ஒரே ஒரு முறை நடக்க வேண்டும். அவர் வேலையிடத்துக்கான தாளில் ஒவ்வொரு அளவையும் அடியிலும் மில்லிமீட்டரிலும் எழுதித் தரட்டும். மேஸ்திரி தன் கணக்கில் ஒரு முறை, ஆசாரி தன் கணக்கில் ஒரு முறை, ஓடு பதிப்பவர் தன் கணக்கில் ஒரு முறை என்று மாற்றிக்கொண்டே போனால் மூன்று பேரும் நேர்மையாக வேலை செய்தும் ஜன்னல் பொருந்தாது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, தாளில் அடியும் மில்லிமீட்டரும் ஒத்துப்போகாவிட்டால் மில்லிமீட்டர் எண்ணே செல்லும் என்பது. மற்றொன்று, கூலிக்கான பரப்பு பூச்சுக்கு முன்னா பின்னா, சுவரின் வெளிப்புறமா உட்புறமா, எந்த அலகில் அளக்கப்படும் என்பது. அளக்கும் அன்று டேப்பின் ஒரு முனையை நீங்களே பிடியுங்கள்.